லிஸ்பன் அரண்மனையை வேண்டாம்னு சொன்னவர்: ஓரியூர் அருளானந்தரின் கதை

காரைக்குடின்னு சொன்னா நமக்கு நகரத்தார் வீடுகளும் ஆத்தங்குடி டைல்ஸும் நினைவுக்கு வரும். அங்கிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியா போனா ஓரியூர்னு ஒரு சின்ன ஊர். ராமநாதபுரம் மாவட்டம், ஆனா சிவகங்கை மறைமாவட்டம். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கே ஒரு போர்ச்சுக்கீசியத் துறவியின் தலை வெட்டப்பட்டது. ஜான் டி பிரிட்டோ. தமிழ் மக்களுக்கு அவர் அருளானந்தர்.

அவர் கதையில் ஒரு கேள்வி இருக்கு. நம்ம ஆசை எது, கடவுளின் திருவுளம் எது? இதை ஒருத்தர் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். பெரிய குடும்பம். சிறுவயதிலேயே அரண்மனையில் வளர்ந்தார். பின்னாளில் போர்ச்சுக்கல் மன்னரான இரண்டாம் பேதுரு அவருடைய சிறுவயதுத் தோழர். அந்தக் காலத்தில் ஒரு இளைஞனுக்கு இதைவிட நல்ல ‘கேரியர்’ கிடையாது. ஆனால் 15 வயதில், 1662-ல், இயேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அம்மா தடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை.

மதுரை மிஷனில் அவர் காவி உடுத்தி, இறைச்சியை விட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். அப்போ சிவகங்கைன்னு தனிச் சீமை கிடையாது. இந்தப் பகுதியெல்லாம் கிழவன் சேதுபதி ஆண்ட மறவர் சீமை. 1686-ல் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். கடைசியில் சேதுபதி, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்.

இதுக்கப்புறம் நடந்ததைக் கவனிங்க. வேலை பாதியில் நிற்கும்போது, ஐரோப்பாவுக்குப் போய் மிஷனின் நிலையைச் சொல்லுங்கள் என்று சபைத் தலைவர்கள் உத்தரவு போட்டார்கள். போனார். அங்கே பழைய தோழர், இப்போது மன்னர், அவரைத் தன்னோடு தங்கச் சொன்னார். இளவரசனுக்கு ஆசிரியராக இருக்கலாம் என்ற அழைப்பும் வந்ததாக வரலாறு சொல்கிறது. மறுத்துவிட்டு 1690-ல் திரும்பி வந்தார்.

அரண்மனையை மறுத்ததைத்தான் எல்லாரும் பெரிசா பேசுவாங்க. எனக்கு அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததுதான் பெரிசா தெரியுது. ஏன்னா தியாகி ஆகணும்ங்கறதும் ஒரு ஆசையா இருக்க முடியும். இயேசு சபையினர் செய்யும் ஆன்மிகப் பயிற்சிகள் இதைத்தான் சோதிக்கச் சொல்லுது: நீண்ட ஆயுளோ குறுகிய ஆயுளோ, மதிப்போ அவமானமோ, எதன் மேலும் முன்கூட்டியே பிடிப்பு வைக்காமல் இருந்து, அப்புறம் தேர்ந்து தெளியணும். தனக்குப் பிடிச்ச களத்தையே விட்டுட்டுக் கப்பலேற முடிஞ்சவர், திரும்பி வந்தது வெறும் பிடிவாதத்தால் இல்லைன்னு நம்ப இடம் இருக்கு.

ஆனால் கதை இவ்வளவு சுத்தமா முடியலை. மறவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவன் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் திருமுழுக்கு என்றார் அருளானந்தர். அவரும் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் கடலாயி சேதுபதியின் உறவினர், அவர் முறையிட்டார். 1693 ஜனவரியில் கைது. சேதுபதி அவரை ஓரியூரில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பினார். சாவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து, கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார்.

கடலாயியை வில்லியாகக் காட்டுற கதைகள் நிறைய. ஆனா அவர் பக்கம் நின்னு யோசிங்க: ஒரே நாளில் வாழ்க்கை பறிபோன பெண், கேட்க உரிமை உள்ள இடத்தில் போய்க் கேட்டார். அருளானந்தர் தன் முடிவுக்குத் தன் உயிரை விலையாகக் கொடுத்தார். அந்தப் பெண்கள் கொடுத்த விலையை யாரும் அவர்களிடம் கேட்டு வாங்கலை.

1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஓரியூரின் செம்மண்ணை இன்றைக்கும் மக்கள் பக்தியோட எடுத்துட்டுப் போறாங்க.

வேலை, வெளிநாடு, ஊழியம்னு எந்த முடிவுக்கும் ‘கடவுள் சொன்னார்’னு நாம சொல்லும்போது ரெண்டு கேள்வி கேட்கலாம். இதுக்கு நேர் எதிரா ஒரு வழி திறந்தா, நிம்மதியா போக முடியுமா? இந்த முடிவுக்கு என்னைத் தவிர வேற யார் விலை கொடுக்கறாங்க? முதல் கேள்விக்கு அருளானந்தர் பதில் சொல்லிட்டார். ரெண்டாவதைக் கடலாயி கேட்டுட்டுப் போயிருக்கார்.