கணிப்பொறிக்குள் ஓடும் நீர்



மின்சாரம் உள்ள இடத்தில் நீரை அண்டவிடலாகாது என்பது நாம் குழந்தைகளுக்கு முதன்முதலில் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனையே வகுப்பறையில் சொல்லி வந்தவன். ஆகவே, என்னிடம் பள்ளியில் பயின்று இப்பொழுது பொறியியல் கல்லூரியில் படித்துவரும் அடுத்த தெரு மாணவன் ஒருவன், தன் மேசைக் கணிப்பொறிக்குள் நீர் ஓடும் குழாய்களைப் பொருத்தப் போவதாகக் கூறியபோது, "வேண்டாம், தம்பி" என்றே சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டு, "இது ஒன்றும் புதிதில்லை, ஐயா, வந்து பாருங்கள்" என்றான்.

அது எவ்வளவு பழையது என்பதைப் பின்னர்த் தேடிப் படித்து அறிந்து வியந்தேன். கதையை வானொலியிலிருந்தே தொடங்கலாம். 1920-களில் பெரிய ஒலிபரப்பு நிலையங்களுக்குப் பேராற்றல் வாய்ந்த வால்வுகள் தேவைப்பட்டன. அவற்றின் வெப்பத்தைக் கண்ணாடிக் குமிழ்கள் தாங்கவில்லை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹவுஸ்கீப்பர் என்பவர், செம்பையும் கண்ணாடியையும் காற்றுப் புகாவண்ணம் இணைக்கும் முறையைக் கண்டார். அதன் பயனாக, வால்வின் நேர்மின்வாயையே செம்பினாலான புறச்சுவராக அமைத்து, அதனைச் சுற்றி நீரை ஓடவிட முடிந்தது. அம்மின்வாயிலோ பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம்! அதனை நீர் தொட்டுக்கொண்டே ஓடியது. அந்நீர் தூய்மையாக்கப்பட்ட நீர். அதனைக் கொண்டுவந்த மின்கடத்தாக் குழாய்களோ நீண்டு சுருண்டவை. குழாய் நீள நீள அதிலுள்ள நீரின் மின்தடை பெருகும். கசியும் மின்னோட்டம் அற்பமாகிவிடும். நான் கற்பித்த விதி பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று.

கணிப்பொறிக்கு வருவோம். 1946-இல் பிலடெல்பியா நகரில் உலகுக்குக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அவற்றைக் குளிர்விக்க விசிறிகளே பயன்பட்டன. டிரான்சிஸ்டர் வந்தபின் வெப்பத் தொல்லை ஒழிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் உறுப்புகள் சிறுத்து நெருங்க நெருங்கத் தொல்லை மீண்டது. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம் 360 வரிசையின் 91-ஆம் மாதிரியில், மின்பலகைகளுக்கிடையே நீர்க்குழாய்களை வைத்து, அங்குச் சூடேறும் காற்றை மீண்டும் மீண்டும் குளிரச் செய்தது.

நீரை நாடியதேன்? ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. ஆகவே பெருங்காற்று சுமக்கும் வெப்பத்தைச் சிறு நீரோட்டம் சுமந்து சென்றுவிடும்.

1980-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3081 என்னும் பொறி இத்துறையில் ஒரு கலைப்படைப்பு என்றே சொல்வேன். உள்ளங்கை அகலமுள்ள பீங்கான் பலகையொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் அமர்ந்திருந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் சுருள்வில் பொருத்திய சிறு உலோகத் தண்டு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தது. இடைவெளிகளில் வெப்பத்தை நன்கு கடத்தும் ஹீலியம் வாயு நிரம்பியிருந்தது. இவை ஏற்றிய வெப்பத்தை மேலே பூட்டிய தட்டுக்குள் ஓடிய நீர் வாங்கிச் சென்றது. நீர் ஒரு துளியும் சில்லைத் தீண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். 1985-இல் வந்த கிரே-2 பொறியில் வேறொரு துணிவைக் காண்கிறோம். அங்கே மின்சுற்றுகளையே மின்கடத்தாத திரவமொன்றில் மூழ்கடித்துவிட்டனர்.

பின்னர், 1990-களின் நடுவில், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் வகைச் சில்லுகள் பெரும்பொறிகளிலும் இடம்பிடித்தன. நீர்க்குழாய்கள் கழற்றி எறியப்பட்டன. அத்துடன் கதை முடிந்தது என்று பேசியோரும் உண்டு. ஆனால் அச்சில்லுகளும் பெருகி வெம்மையுற்றன, 2008-இல் ஐ.பி.எம்.மின் பவர் 575 பொறி நீரைத் திரும்ப அழைத்தது. 2012-இல் ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த கார்ஷிங்கில் நிறுவப்பட்ட சூப்பர்மக் பொறியோ, வெதுவெதுப்பான நீரைக்கொண்டே குளிர்விக்கப்பட்டு, வெளியேறிய வெப்பத்தால் பனிக்காலத்தில் கட்டடத்தையும் சூடாக்கிற்று.

இதற்கிடையே நீர் வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது. 1989-இல் வந்த இன்டெல் 486 செயலிகளுள் பல விசிறியின்றியே இயங்கின. 2004-இல் பென்டியம் 4 வகையின் வேகமிக்க செயலி 115 வாட் வெப்பத்தைக் கக்கியது. இவ்விடைக்காலத்தில், விதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டிச் செயலியை ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர் கூட்டம் ஒன்று மேலைநாடுகளில் தோன்றியது. கடையில் உரிய கருவிகள் இல்லை. எனவே மீன்தொட்டிப் பம்பையும், காருக்குள் வெப்பமூட்டும் சிறு ரேடியேட்டரையும் வாங்கிவந்து, செப்புக் கட்டியைத் தாமே குடைந்து, அவர்கள் நீரோட்டம் அமைத்தனர். இன்று கடைகளில் விற்கப்படும் அழகிய கருவிகளுக்கு அவையே முன்னோடிகள்.

என் மாணவன் செய்ததும் அதே அமைப்புத்தான். அசையும் படங்களை உருவாக்கும் வேலையை அவன் இரவு முழுவதும் கணிப்பொறியிடம் ஒப்படைப்பான். விசிறி பேரிரைச்சல் இட, செயலி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் செயலியின் மேல் வெப்பக் களிம்பு தடவி, உள்ளே நுண்ணிய கால்வாய்கள் கொண்ட செப்புப் பேழையைப் பூட்டினான். நீர்க்கலத்தைப் பம்புக்கு மேலே வைத்தான். பம்பு நீரின்றி ஓடினால் கெட்டுவிடும் அன்றோ? ரேடியேட்டரில் விசிறிகளைப் பொருத்தினான். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், 200 வாட் வெப்பத்தை ஏற்றும் நீர் ஏறத்தாழ 3 பாகை மட்டுமே சூடேறும் என்று கணக்கிட்டுச் சொன்னேன். ஆனால் அவ்வெப்பம் முடிவில் அறையின் காற்றுக்கே போகவேண்டும். சித்திரை மாதத்து அறையைவிட நீர் குளிர்ந்துவிடாது.

குழாய்நீரில் உப்புகள் உண்டு. ஆதலால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, பாசி படராதிருக்க மருந்தும் சேர்த்தான். பின்பு கணிப்பொறிக்கு மின்சாரம் தராமல், மின்வழங்கியின் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டான். பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினான். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் மெல்லிய காகிதம் விரித்து, 24 மணி நேரம் காத்திருந்தோம். காகிதம் நனையவில்லை. இருவரும் மகிழ்ந்தோம்.

ஓராண்டு கழிந்திருக்கும். நீர்க்கலத்தில் வெண்மையான கசடு மிதந்தது. அதன் பொருளை நாங்கள் ஆராய்வதற்குள், ரேடியேட்டரில் ஊசிமுனைத் துளை விழுந்து, கீழிருந்த படக்காட்டி அட்டை பாழாயிற்று. பகுதிநேர வேலையில் அவன் சேர்த்த பணம் அது. மலிவாகக் கிடைத்ததென்று அவன் வாங்கிய ரேடியேட்டர் அலுமினியத்தால் ஆனது, பேழையோ செம்பு. இரு வேறு உலோகங்கள், இடையே அயனிகள் கலந்த நீர். 1800-இல் வோல்டா உலகுக்கு அறிவித்த மின்கலத்தையே நாங்கள் அறியாமல் கட்டியிருக்கிறோம்! அதில் அலுமினியம் அரிக்கப்படுவதே இயல்பு. புதிதாய் ஊற்றியபோது தூயதாயிருந்த நீரும் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு மின்கடத்தியாகிவிட்டது. "வோல்டாவின் கலத்தை நீங்கள்தானே ஐயா எங்களுக்கு நடத்தினீர்கள்?" என்று அவன் கேட்டான். குற்றஞ்சாட்டும் குரல் அன்று. எனினும் எனக்கு விடை கூற வாய் வரவில்லை. கரும்பலகையில் எத்தனையோ முறை நான் வரைந்த படம் என் கண்ணெதிரே இருந்தும், அதை நான் அறிந்துகொள்ளவில்லை.

சென்ற மாதம் பித்தளையும் செம்பும் கொண்ட ரேடியேட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். பாதி விலை என்னுடையது. குழாய்களைக் கழுவி, பேழையைத் திறந்து கசடு நீக்கி, மறுபடியும் நீர் நிரப்பினோம். இம்முறை காகிதம் விரித்தவன் நான். அன்றிரவு அவன் வீட்டு நாற்காலியிலேயே அமர்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். விடிந்ததும் அவன் ஒவ்வொரு காகிதமாக எடுத்து என் கையில் தந்தான். எல்லாம் உலர்ந்திருந்தன. மாலைவரை காத்திருந்து, 24 மணி நேரமும் நிறைந்தபின் கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுத்தோம்.