நண்டுப் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பிடிபடும் நீல நண்டு உள்ளூர்ச் சந்தையில் விலைபோக எந்தச் சீட்டும் வேண்டாம். கூடையைப் பார்த்து, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதே நண்டின் சதை அமெரிக்காவுக்குக் கப்பலேற வேண்டுமென்றால் பெட்டியின் மேல் லேபிள் இல்லாமல் நகராது.

லேபிளில் உள்ள கோடுகள் பிறந்ததும் ஒரு கடற்கரையில்தான். ஆனால் அது மியாமி. 1949 வாக்கில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்பவர் மோர்ஸ் தந்திக் குறிகளை யோசித்தபடி மணலில் விரல்களை இழுத்தார். புள்ளியும் கோடும் நீண்டு மெல்லிசும் தடிமனுமான கோடுகளாகத் தெரிந்தன. 1952ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கடைக்கு வர இன்னும் 22 வருடம் ஆனது! 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதலில் ஸ்கேன் செய்தார்கள்.

சூயிங்கத்துக்கு ஒரே கோடு போதும், உறையிலேயே அச்சடித்துவிடலாம். நண்டுக்கு அது சரிவராது. தேதி, தொகுதி எண், எடை எல்லாம் சரக்குக்குச் சரக்கு மாறும். ஆகவே பெட்டி கட்டும் இடத்திலேயே அச்சடிக்க வேண்டும்.

அதற்கு வந்த பிரிண்டர்களில் பேர்போனவை ஜீப்ரா கம்பெனியுடையவை. 1969ல் வேறு பெயரில் தொடங்கி, 1986ல் இந்தப் பெயருக்கு மாறிய அமெரிக்கக் கம்பெனி அது. அதன் கட்டளை மொழி இசட்பிஎல். நோட்பேடிலேயே எழுதிவிடலாம். ^எக்ஸ்ஏ என்றால் லேபிள் ஆரம்பம், ^எக்ஸ்இசட் என்றால் முடிவு. நடுவில் ^எஃப்ஓ போட்டு இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி என்று சொன்னால் எழுத்து அங்கே போய் உட்காரும். சாதாரண மாடலில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. வடிவத்தை ஒருமுறை பிரிண்டருக்குள் சேமித்துவிட்டால், அப்புறம் மாறும் எண்களை மட்டும் அனுப்பினால் போதும். கணக்குப் பேரேட்டில் தலைப்பை ஒருதரம் எழுதிவிட்டுத் தொகையை மட்டும் நிரப்புவதுபோல!

இதெல்லாம் வெறும் வசதிக்காக வந்ததில்லை. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் காரணம் காட்டி இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. சில மாதங்களில் தடை நீங்கினாலும் ஏற்றுமதியாளர்களுக்கு அது பெரிய அடி. அங்கே விற்க, ஆலைக்கு அங்கீகாரம் வேண்டும், அந்த எண் பெட்டியில் இருக்க வேண்டும். அமெரிக்காவும் 2002ல் உயிரித் தீவிரவாதத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, சரக்கு யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று பதிவு வைக்கச் சொன்னது. வணிகக் கண்ணோடு பார்த்தால் தொகுதி எண்தான் இங்கே காப்பீடு. அது சரியாக இருந்தால் கெட்ட பத்துப் பெட்டியை மட்டும் திரும்பப் பெறலாம். தப்பாக இருந்தால் எது நல்லது, எது கெட்டது என்று பிரிக்க வழியில்லாமல் மொத்தச் சரக்கும் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் கட்டளைகளுக்குத் தமிழ்தான் சிக்கல். பிரிண்டர் ஆங்கில எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அடுக்கப் பழகியது. 'கொ' என்றால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. யூனிகோட் புரியும் பிரிண்டர்கள் பிறகு வந்தன, ஆனால் எழுத்தின் எண் தெரிந்தால் மட்டும் போதாது, தமிழ் ஃபான்ட்டும் வேண்டும், இப்படிக் கோக்கவும் தெரிய வேண்டும். சுலபமான வழி, தமிழ் வரியை மட்டும் கணினியில் படமாக்கி ^ஜிஎஃப் கட்டளையில் அனுப்புவது. வெளிநாட்டுப் பெட்டிக்குத் தமிழ் தேவைப்படாது, சரி. உள்நாட்டிலும் உணவு லேபிளுக்கு ஆங்கிலமோ இந்தியோதான் கட்டாயம், தமிழ் கூடுதலாக இருக்கலாம் என்பதே சட்டம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் பாக்கெட்டுக்கும் இதே சட்டம்தான். அதில் 'முண்டு மிளகாய்' என்று தமிழில் அடிக்க விரும்புகிறவர், இந்த வழியில் போனால், பெயரைப் படமாகவும் தேதியை எழுத்தாகவும் அனுப்ப வேண்டும்.