பந்தய எஞ்சினின் மூச்சு

மோட்டார்ப் பந்தயம் தோன்றிய காலத்தில், எஞ்சின் பெரிதானால் வேகமும் பெரிதாகும் என்றே பலர் எண்ணினர். 1912ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து டியெப் நகரில் நிகழ்ந்த பந்தயம் அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. பியட் நிறுவனத்தாரின் 14 லீற்றர் எஞ்சினைப் பேஜோ நிறுவனத்தாரின் 7.6 லீற்றர் எஞ்சின் வென்றது.

காரணம் யாது? காற்றும் எரிபொருளும் உட்புகுவதும் எரிந்த புகை வெளியேறுவதுமே எஞ்சினின் மூச்சு. பேஜோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் இருந்தன. அவற்றை இயக்க, சிலிண்டர்களின் மேலே இரண்டு சுழல்தண்டுகள் அமைந்திருந்தன. பருமனை விட மூச்சே முக்கியம் என்பது புலனாயிற்று. பந்தயத்திற் பிறந்த அவ்வமைப்பு இன்று சாதாரணக் கார்களிலும் உண்டு.

தமிழகத்திலோ, வீதிக் காரின் எஞ்சினே பந்தயத்துக்குச் சென்றது. வெளிநாட்டுப் பந்தய எஞ்சின்களின் விலை இளைஞர்க்கு எட்டாதது. ஆகவே, கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லார்க்கும் ஒரே எஞ்சின் என்றானபோது செல்வம் பின்னின்றது; திறமை முன்வந்தது. அக்கார்களில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்திற் பங்குபற்றிய முதல் இந்தியரானார். அதனைக் காணக் கரிவரதன் இருக்கவில்லை. 1995இல் வான்விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

எங்கள் தண்ணீரூற்றிலே தோட்டத்துக்கு நீரிறைக்கும் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் மாணவன் கையில் இருப்பதும் இதே வித்தையே. அதனைச் சிறிதென்று எண்ணற்க.