தேர்வு கேட்ட கருவி: லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் ஐபேட் திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மத்திய அரசிடம் இல்லை. மாநிலங்கள் அதைப் ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. தமிழ்நாட்டில் கல்வி மாவட்டம் என்பது பள்ளிக் கல்வித் துறையின் நிர்வாகப் பிரிவு மட்டுமே. அமெரிக்கப் பள்ளி மாவட்டமோ பெரும்பாலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக் குழுவைக் கொண்டது, ஆசிரியர்களைத் தானே நியமிப்பது, மக்களின் ஒப்புதலுடன் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும் அதிகாரமும் உடையது. இவற்றுள் நியூயார்க்குக்கு அடுத்தபடியாகப் பெரியதும், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டிருந்ததுமான லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம், 2013 ஜூன் மாதத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, 14 மாதங்களில் அதை நிறுத்திவைத்து, பின்னர் கைவிட்டது. இத்தோல்விக்குக் கொள்முதல் பற்றிய ஐயம், மாணவர்களின் குறும்பு, நிர்வாகத்தின் அவசரம் என மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்றும் உண்மையில் நிகழ்ந்தவையே ஆயினும், தேர்வு நடத்துவதற்கான ஆயத்தமும் கற்பிப்பதற்கான கருவியும் ஒரே கொள்முதலில் பிணைக்கப்பட்டதுதான் வேர்க் காரணம் என்பதும், அப்பிணைப்பு இல்லாதிருந்தால் மற்றவை திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகளாகவே நின்றிருக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பது, எல்லா மாணவர்களும் ஒரே வகை வினாக்களுக்கு ஒரே விதிமுறையின்கீழ் விடையளித்து, ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படும் தேர்வாகும். 2002 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ என்னும் கூட்டாட்சிச் சட்டம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் இத்தகைய தேர்வை நடத்த வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. லாஸ் ஏஞ்சலஸில் இம்மதிப்பெண்களின் கனம் மாணவரோடு நிற்கவில்லை. 2010 ஆகஸ்டில் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ், மாணவர்களின் மதிப்பெண் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணக்கிட்டு, சுமார் 6,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் ‘திறன் தரநிலை’யைப் பெயருடன் வெளியிட்டது. மதிப்பெண் என்பது ஆசிரியரின் மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்ட அத்தகைய மாவட்டத்தில், தேர்வின் வடிவம் மாறப்போகிறது என்ற செய்தி சாதாரண நிர்வாகத் தகவலாக இருந்திருக்க முடியாது.

அதே 2010 ஆகஸ்டில்தான் கலிபோர்னியா, ‘பொது மையத் தரங்கள்’ எனப்படும் புதிய பாடத் தரங்களை ஏற்றது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மாணவர் அறிந்திருக்க வேண்டியவற்றைப் பல மாநிலங்கள் சேர்ந்து வகுத்துக்கொண்ட பட்டியல் இது. இத்தரங்களுக்குரிய தேர்வுகளை உருவாக்க இரண்டு மாநிலக் கூட்டமைப்புகளுக்குக் கூட்டாட்சி அரசு 33 கோடி டாலருக்கு மேல் நிதி அளித்தது. கலிபோர்னியா சேர்ந்தது ‘ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு’ என்ற கூட்டமைப்பில். அதன் தேர்வு கணினியில் எழுதப்படுவதோடு, தகவமைத் தேர்வாகவும் அமைந்தது. அதாவது, மாணவர் ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகவும், தவறினால் எளிதாகவும் வருமாறு கணினியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். திரையின் ஒரு பாதியில் நீண்ட உரைநடைப் பகுதியும் மறுபாதியில் வினாக்களும் இருக்கும். மாணவர் உரையை உருட்டிப் படித்து, வேண்டிய வரிகளை வண்ணமிட்டுக் குறித்து, பல மூலங்களைப் படித்த பிறகு தன் கட்டுரையைத் தட்டச்சு செய்ய வேண்டும். தாளில் பென்சிலால் வட்டத்தை நிரப்பிப் பழகிய ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது வேறு தேர்வு மட்டுமன்று, வேறு உடலுழைப்பும்கூட.

மாவட்டத்தின் வாதம் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. 2011 முதல் கல்விக் கண்காணிப்பாளராக, அதாவது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் டீசி, இத்திட்டத்தைக் குடிமை உரிமைப் பிரச்சினையாகவே முன்வைத்தார். வீட்டில் கணினி உள்ள குழந்தையும் இல்லாத குழந்தையும் திரை முன் அமர்ந்து ஒரே தேர்வை எழுதினால், தேர்வு அளப்பது வாசிப்புத் திறனையா, விசைப்பலகைப் பழக்கத்தையா என்ற கேள்வி எழும். மாணவர்களில் பெரும்பான்மையோர் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக உள்ள மாவட்டத்தில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. திட்டத்தை எள்ளி நகையாடியவர்களுள் பலர் இதற்கு விடை கூறவே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் இவ்வாதம் எதை நிறுவுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினியில் எழுதும் பழக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதை அது நிறுவுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரே வகைக் கருவி வேண்டும் என்பதை நிறுவவில்லை. தேர்வு ஒரே நாளில் நடப்பதன்று. பல வாரங்கள் நீளும் கால இடைவெளிக்குள் வகுப்புகள் முறைவைத்து எழுதக்கூடியது. ஆகையால் ஒரே கருவித் தொகுதியைப் பல வகுப்புகள் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்டத்தின் கடன் பத்திரச் செலவைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவே 2014 ஜனவரியில் இதைச் சுட்டிக்காட்டி, தேர்வுக்கென்று நிர்வாகம் கேட்டதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான ஐபேடுகள் போதும் என்று பரிந்துரைத்தது. தேர்வு நடத்தும் தேவையைத் தனியே கணக்கிட்டபோது கருவிகளின் எண்ணிக்கை சுருங்கியது. கற்பிக்கும் தேவை என்னவென்று தனியே கணக்கிட எவரும் முன்வரவில்லை. ஒன்றின் அவசரத்தை மற்றொன்றின் அளவோடு பெருக்கியதால் கிடைத்ததே திட்டத்தின் மொத்தச் செலவு.

அச்செலவு சிறியதன்று. 2013 ஜூன் மாதம் ஆட்சிக் குழு ஒப்புதல் அளித்த முதற்கட்டம் 47 பள்ளிகளுக்கானது, 3 கோடி டாலர் மதிப்புள்ளது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேடில் பியர்சன் நிறுவனத்தின் பாடத்திட்ட மென்பொருளை ஏற்றித் தருவது ஒப்பந்தம்; கருவி ஒன்றின் விலை 678 டாலர். வகுப்பறைகளுக்கான கம்பியில்லா இணைய வசதியையும் சேர்த்து முழுத் திட்டமும் 100 கோடி டாலரைத் தாண்டும் என மதிப்பிடப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி பள்ளிக் கட்டடங்களை எழுப்பவும் பழுதுபார்க்கவும் வாக்காளர்கள் அனுமதித்த கடன் பத்திரங்களிலிருந்து வந்தது. 2008 நவம்பரில் நிறைவேறிய 700 கோடி டாலர் பத்திரமும் அவற்றுள் ஒன்று. பள்ளிகளுக்குத் தளவாடம் வாங்கவும் இப்பத்திரங்கள் இடமளிப்பதால் இது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் கால் நூற்றாண்டளவு நீளும் சொத்து வரியால் அடைபடும் கடனைக் கொண்டு, நான்கைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும் கருவியையும், மூன்றே ஆண்டு உரிமம் கொண்ட மென்பொருளையும் வாங்கியது, கருவியைச் சுவரின் பகுதியாகக் கருதிய மனப்போக்கைக் காட்டுகிறது. சுவருக்கு ஆசிரியர் பயிற்சி தேவையில்லை. கணக்கேட்டிலும் பயிற்சிக்கான பத்தி அதற்கேற்பவே மெலிந்திருந்தது.

வாங்கிய கருவி, வாங்கச் சொன்ன நோக்கத்துக்கே பொருந்தவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் முரண். ஐபேடின் கண்ணாடித் திரையில் எழும் விசைப்பலகை திரையின் பாதியை மறைத்துவிடும். உரைப் பகுதியைப் பார்த்துக்கொண்டே விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய தேர்வில் அது பெரும் இடையூறு என்பதால், வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகைகள் வேண்டியிருந்தன. முதல் ஒப்பந்தத்திலோ அவை இடம்பெறவில்லை. பின்னர் அவற்றுக்குத் தனியே பணம் தேட நேர்ந்தது. கற்பித்தலைக் காரணம் காட்டி ஐபேடும், தேர்வைக் காரணம் காட்டி அவசரமும் நியாயப்படுத்தப்பட்டதால், இரு நோக்கங்களையும் நேருக்கு நேர் வைத்துச் சோதிக்கும் கட்டம் ஒன்று வரவே இல்லை.

மாணவர்கள் கருவியின் தடையை உடைத்த நிகழ்ச்சி இதழ்களில் மிகுதியாகப் பேசப்பட்டது. 2013 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி உட்பட மூன்று பள்ளிகளின் சுமார் 300 மாணவர்கள், கருவியில் மாவட்டம் பதிந்துவைத்திருந்த கட்டுப்பாட்டு அமைப்புக் கோப்பை நீக்கிவிட்டு, தடைசெய்யப்பட்ட இணையதளங்களுக்குச் சென்றனர். இதை ‘ஊடுருவல்’ என்று அழைத்தது மிகை. அமைப்புகள் பகுதிக்குள் நுழைந்து ஒரு கோப்பை அழித்ததற்கு மேல் அவர்கள் எதுவும் செய்யவில்லை. இதன்பின் கருவிகள் வீட்டுக்குச் செல்வது நிறுத்தப்பட்டது. தேர்வுக் கூடத்தில் கருவி பூட்டப்பட்டிருக்க வேண்டும், கற்றலில் அது திறந்திருக்க வேண்டும் என்ற இரு எதிர்த் தேவைகளில், நெருக்கடி வந்ததும் மாவட்டம் பூட்டையே தேர்ந்தெடுத்தது. ஏழைக் குழந்தையின் வீட்டில் இல்லாததைத் தருவதாகச் சொன்ன திட்டம் பள்ளி வாசலோடு நின்றுபோனது.

வகுப்பறைக்குள் நடந்ததோ இதைவிட முக்கியமானது. அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. மாவட்டத்தின் கோரிக்கைப்படி அமெரிக்க ஆய்வு நிறுவனம் என்னும் அமைப்பு மேற்கொண்ட மதிப்பீட்டில், பார்வையிடப்பட்ட 245 வகுப்பறைகளில் ஒன்றில் மட்டுமே பியர்சன் பாடத்திட்டம் பயன்பாட்டில் இருந்ததாக 2014இல் வெளியான அறிக்கை தெரிவித்தது. வாங்கும்போது அப்பாடத்திட்டம் முழுமையடைந்திருக்கவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் மாதிரி அலகுகள் சிலவே ஆயத்தமாக இருந்தன. ஆசிரியர்கள் அதை ஒதுக்கியதைச் சோம்பலாகக் காண்பது எளிது. ஆனால் பாதி எழுதப்பட்ட பாடநூலை நம்பி ஓராண்டின் பாடத்தைத் திட்டமிட எந்த ஆசிரியரும் துணியமாட்டார். (இம்மதிப்பீட்டைச் செய்த அதே அமைப்புதான் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வை இணையவழி நடத்தும் மென்பொருளையும் உருவாக்கியது. இதில் முறைகேடு காண வேண்டியதில்லை. தேர்வும் தொழில்நுட்பமும் மதிப்பீடும் எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் சுழல்கின்றன என்பது மட்டும் தெரிகிறது.)

2014 ஆகஸ்டில், ஒப்பந்தப் புள்ளி கோரப்படுவதற்கு முன்பே டீசியும் துணைக் கண்காணிப்பாளர் ஜேமி அக்கினோவும் பியர்சன், ஆப்பிள் அலுவலர்களுடன் மின்னஞ்சல் வழித் தொடர்பில் இருந்தது வெளியானது. தவறேதும் நடக்கவில்லை என்று டீசி மறுத்தார். எனினும் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தார். அதே மாதம் மாணவர் பதிவேடுகளுக்கான புதிய கணினி அமைப்பும் குலைந்து, ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் உரிய கால அட்டவணையின்றித் தவித்தனர். அக்டோபரில் டீசி பதவி விலகினார். டிசம்பரில் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கொள்முதல் ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக எடுத்துச் சென்றது. ஆனால் எவர்மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. 2015இல் ஆப்பிள் 42 லட்சம், மாவட்டத்துக்கு மடிக்கணினி வழங்கியிருந்த லெனோவோ 22 லட்சம் டாலர் அளித்து மாவட்டத்தோடு சமரசம் செய்துகொண்டன. ஊழல் என்ற சட்டகத்துக்குள் மட்டும் இக்கதையைப் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமான முடிவு. தூய கைகளால் வாங்கப்பட்டிருந்தாலும் அக்கருவி 245இல் ஒரு வகுப்பறையில்தான் அப்பாடத்துக்குப் பயன்பட்டிருக்கும் என்பதையோ அச்சட்டகம் மறைத்துவிடுகிறது.

இடையே மாநிலம் வேறொரு வழியைக் காட்டியிருந்தது. 2013 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையொப்பமிட்ட சட்டம் பழைய மாநிலத் தேர்வுகளை நிறுத்தி, 2014 வசந்தத்தில் புதிய தேர்வைச் சோதனையோட்டமாக மட்டும் நடத்த வழிசெய்தது. 2013-14 நிதிநிலையில் புதிய தரங்களுக்கென ஒருமுறை ஒதுக்கிய 125 கோடி டாலரை ஆசிரியர் பயிற்சி, பாடப்பொருள், தொழில்நுட்பம் ஆகிய எதற்கும் மாவட்டங்கள் செலவிடலாம் என்றிருந்தது. அவகாசமும் இருந்தது, பணத்தில் தெரிவுரிமையும் இருந்தது. காலக்கெடு என்னும் வாதம் இதனால் பாதி வலுவிழந்திருந்தும் திட்டத்தின் வேகம் குறையவில்லை. 2015இல் முதல் முழுத் தேர்வின் முடிவுகள் வந்தபோது, தர நிலையை எட்டியோர் லாஸ் ஏஞ்சலஸில் ஆங்கிலத்தில் 33 விழுக்காடு, கணிதத்தில் 25 விழுக்காடு. மாநில அளவிலோ முறையே 44, 33. டீசிக்குப் பின் வந்த ரமோன் கார்ட்டினெஸ் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கருவி என்பது மாவட்டத்தால் தாங்கக்கூடியதன்று என்று அறிவித்துவிட்டார்.

கைவிடப்பட்ட அந்த இலக்கு பின்னர் நிறைவேறிய சூழல் இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர் வீட்டிலிருந்து கற்பதற்கான கருவிகளுக்கும் இணைய வசதிக்கும் 10 கோடி டாலர் அவசர ஒதுக்கீட்டை அறிவித்து, வெரைசான் நிறுவனத்துடன் இணைய இணைப்புக்கு உடன்பாடு செய்தார். கருவி இம்முறை பள்ளி வாசலைத் தாண்டிக் குழந்தையின் வீட்டுக்கே போனது. அந்த வசந்தத்தில் கலிபோர்னியா முழுவதும் மாநிலத் தேர்வு ரத்து செய்யப்பட்டிருந்தது.