செல்லப்பிராணிகளில் மருந்து எதிர்ப்பு பாக்டீரியா: வரலாறு

நாய், பூனைகளுக்கு வரும் சில நோய்த்தொற்றுகள் வழக்கமான நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படாமல் போவது கால்நடை மருத்துவத்தின் இன்றைய பெருஞ்சிக்கல்களில் ஒன்றாகும். இதன் வரலாறு மனித மருத்துவத்தோடு பின்னிப் பிணைந்தது.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், மருந்தைப் போதாத அளவில் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தாங்கப் பழகிவிடும் என 1945-இல் தமது நோபல் உரையில் எச்சரித்தார். பெனிசிலினைச் சிதைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை ஒடுக்க 1959-இல் மெத்திசிலின் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கும் அடங்காத வகை 1961-இலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டது.

1972-இல் பெல்ஜியத்தில் மடிநோய் கண்ட பசுக்களிடம் இவ்வகை பாக்டீரியா இருப்பது பதிவானது. 1988-இல் வெளியான பிரிட்டன் அறிக்கை ஒன்று, முதியோர் மருத்துவப் பிரிவில் உலவிய பூனையின் பாதங்களிலும் உரோமத்திலும் இது மிகுந்திருந்ததைக் காட்டியது. பூனையை அகற்றி, தூய்மை நடவடிக்கைகளும் எடுத்த பின் தொற்று அடங்கியது. ஆயினும் மனிதரிடமிருந்து விலங்குக்கும் இது பரவும் என்பதால் பழியைப் பிராணியின்மீது மட்டும் சுமத்த இயலாது.

நாய்களின் தோலிலும் மூக்கிலும் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் 2005-இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. தோல், காது நோய்களை உண்டாக்கும் இதன் சில வகைகள் ‘மெக்-ஏ’ மரபணுவைப் பெற்றுள்ளன. இம்மரபணு, மருந்து ஒட்டமுடியாத மாற்றுப் புரதத்தை உருவாக்குகிறது. அதனால் நாய்களுக்கு அடிக்கடி தரப்படும் செஃபலெக்சினும் பயனற்றுப் போகிறது.

அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை விற்பனைக்கடை நாய்க்குட்டிகள் வழியாகப் பல மருந்துகளை எதிர்க்கும் கேம்பிலோபாக்டர் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கு முதலிய உபாதைகளுக்கு ஆளாயினர். ஆராயப்பட்ட 149 குட்டிகளில் 142 குட்டிகள் நுண்ணுயிர் எதிர்ப்பி பெற்றிருந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோய் வராமல் தடுக்க மட்டுமே மருந்து தரப்பட்டிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 சனவரி முதல் நடைமுறையிலுள்ள கால்நடை மருந்துச் சட்டம், இத்தகைய முன்தடுப்புப் பயன்பாட்டை விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. மருந்துக்கு முன் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்துச் சோதிப்பதும், மேலோட்டமான தோல்நோய்க்குக் குளோர்ஹெக்சிடின் கழுவலை முதலில் பயன்படுத்துவதும் இன்றைய மருத்துவ வழிகளாகும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பிராணிக்குக் கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டும். அதன் உடலில் மருந்துக்குத் தப்பும் பாக்டீரியா, அதைத் தடவிக்கொடுக்கும் குழந்தையின் கைக்கும் வரக்கூடும்.