3/22 வயரும் எங்க மோட்டார் கொட்டாயும்

2012 சித்திரை மாசத்தை நான் மறக்க மாட்டேன். தமிழ்நாடு முழுக்க கரண்ட் கட்டு உச்சத்துல இருந்த வருஷம். த்ரீ பேஸ் வந்ததும் சூளகிரி சுத்துப்பட்டுல எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிக்கும். வோல்டேஜ் படுத்துடும். அப்படி ஒருநாள் மத்தியானம், தகரம் போட்ட எங்க மோட்டார் கொட்டாய்ல ஸ்டார்ட்டருக்குப் போற வயர் உருகி, ஒரு பேஸ் அறுந்து போச்சு. மிச்சம் ரெண்டு பேஸ்ல ஓடின ஏழரை எச்.பி. மோட்டார் காயில் கருகிடுச்சு. மோட்டாரை மேல எடுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்க எட்டு நாள். அதுக்குள்ள அரை ஏக்கர் கொத்தமல்லி காய்ஞ்சு போச்சு.

அந்த வயரை வாங்கினது நான்தான். கடையில போய் "3/22 கொடுங்க"ன்னு கேட்டேன். எங்கப்பா அப்படித்தான் கேட்பார். கடைக்காரர் அதுக்குச் சமமான 1.5 சதுர மில்லிமீட்டர் சுருளை எடுத்துக் கொடுத்தார். அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு வரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. இங்கிலாந்தில் 1884-ல் கம்பியின் தடிமனுக்கு ஒரு கேஜ் அளவைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். 3/22 என்றால் 22-ஆம் நம்பர் கம்பி மூணு இழை. நம்பர் கூடக்கூட கம்பி மெலிசு. மூணு இழையும் சேர்ந்து 1.2 சதுர மில்லிமீட்டர்தான் வரும். நம்ம நாடு 1958-லிருந்து மெட்ரிக் அளவுக்கு மாறியும், எலக்ட்ரீஷியன்கள் வாயில் 1/18, 3/20, 7/20 இன்னும் போகவில்லை.

இந்த நம்பரில் ஒரு குறை. உள்ளே எவ்வளவு செம்பு இருக்கிறது என்று சொல்லும். மேல் உறை எவ்வளவு சூடு தாங்கும் என்று சொல்லாது.

எங்க பக்கத்து ஊருக்குக் கரண்ட் வந்த கதையைப் பார்த்தால் இது புரியும். 1902-ல் காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு சுமார் 147 கிலோமீட்டர் லைன் இழுத்தது மைசூர் அரசு. கம்பத்தில் ஓடுகிற வெறும் கம்பிக்கு உறை கிடையாது. காத்தே அதை ஆற வைக்கும். கம்பி வீட்டுக்குள் வரும்போதுதான் உறை வேண்டியிருந்தது. முதலில் ரப்பர். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பைத் தின்னும் என்பதால் செம்புக்கு வெள்ளீயம் பூசுவார்கள். மேலே நூல் சுத்தியிருக்கும். பழைய வீடுகளில் மரப்பட்டிக்குள் பார்த்திருப்பீர்கள், தொட்டால் பொடியாக உதிரும். அது 60 டிகிரிக்கு மேல் ஆகாது. இரண்டாம் உலகப் போரில் மலேயா ஜப்பான் கைக்குப் போய் ரப்பர் தட்டுப்பாடு வந்தது. அந்த இடத்தைப் பிவிசி பிடித்தது. சாதாரண பிவிசி 70 டிகிரி தாங்கும். பிறகு வந்த எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி தாங்கும்.

இப்ப என் கொட்டாய்க்கு வர்றேன். வயர் இத்தனை ஆம்பியர் தாங்கும் என்று நம்ம ஊரில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் சுத்திலும் 40 டிகிரி என்று வைத்துப் போட்டது. உறை 70 டிகிரி தாங்கும் என்றால், கம்பி சூடாக மிச்சம் 30 டிகிரி இடம் இருக்கிறது. சித்திரை மத்தியானம் தகரத்துக்கு அடியில் 50 டிகிரி ஆனால், மிச்சம் 20 டிகிரிதான். 20 ஆம்பியர் தாங்குகிற வயர் அங்கே 16-தான் தாங்கும். ஒரே பைப்பில் நாலைந்து வயர் சேர்த்துத் திணித்தால் இன்னும் குறையும். நான் ரெண்டு மோட்டார் வயரையும் ஒரே பைப்பில்தான் விட்டிருந்தேன். ஏழரை எச்.பி. மோட்டார் சாதாரணமாக 11 ஆம்பியர் போல இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் அதைவிட அதிகம் இழுக்கும். வீட்டுக்குள் லைட்டுக்கும் ஃபேனுக்கும் சரியாக இருந்த வயர் கொட்டாய்ல உருகினது இப்படித்தான்.

இப்ப 4 சதுர மில்லிமீட்டர் வயர், 85 டிகிரி தாங்குற எச்.ஆர். பிவிசி. ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி பைப். தகரத்து மேல தென்னங்கீத்து போட்டிருக்கேன். ஒண்ணு கவனிங்க: 90 டிகிரி வயர் வாங்கிட்டோம்னு மெலிசா வாங்கக் கூடாது. அந்தச் சூட்டை வயர் போய் முடுக்கியிருக்குற ஸ்டார்ட்டரும் சுவிட்சும் தாங்கணும். எது குறைவா தாங்குதோ அதுதான் கணக்கு.

டவுன்ல இருக்குறவங்களுக்கும் இது பொருந்தும். மொட்டை மாடியில வெயில்ல கிடக்குற ஏ.சி. வயரை ஒருதடவை போய்ப் பாருங்க. அடுத்த தடவை கடையில நம்பர் மட்டும் சொல்லாதீங்க. எந்த இடத்துல ஓடப்போகுது, அங்க எவ்வளவு சூடுன்னும் சொல்லிக் கேளுங்க. நான் கேட்டிருந்தா அந்த வருஷம் கொத்தமல்லி சந்தைக்குப் போயிருக்கும்.