தொழில் வல்லாரும் தொழில் பயிற்றுவாரும்

ஒரு தொழிலைத் திறம்படச் செய்ய வல்லான் அதனைப் பிறர்க்குக் கற்பிக்கவும் வல்லான் என்பது பலரது துணிபு. இத்துணிபு பொருந்துமா என்பதனை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரு பெரும் போர்களின்போது நிகழ்ந்த வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1917-ம் ஆண்டில் அந்நாடு முதல் உலகப் போரிற் புகுந்தபொழுது கப்பல்கள் பெருந்தொகையாக வேண்டப்பட்டன; கப்பல் கட்டுந் துறைகளிற் பழகிய தொழிலாளரோ மிகச் சிலர். அக்காலை, பயிற்றுவோரைப் பழக்கும் பொறுப்பு சார்லஸ் ஆலன் என்பாரிடம் வந்தது. அவர் தேர்ந்த தொழிலாளரையே ஆசிரியராகக் கொண்டார். எனினும், அவர்க்கு முதலில் கற்பிக்கும் முறையைக் கற்பித்தார். மாணாக்கனை ஆயத்தப்படுத்தல், எடுத்துக்காட்டல், அவனைக் கொண்டு செய்வித்தல், சோதித்தல் என்பன அவர் வகுத்த நான்கு படிகள். ஜெர்மனி நாட்டு ஹெர்பார்ட் என்னும் அறிஞர் வழிவந்தோர் பள்ளிப்பாடத்திற்கு வகுத்த ஐந்து படிகளோடு இவை நெருங்கிய உறவுடையன என்பதை, ஆசிரியப் பயிற்சி பெற்ற அன்பர்கள் எளிதில் உணர்வர்.

1940-ம் ஆண்டில் மீண்டும் போர்க்கால முயற்சி தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், தொழிற்சாலைகளின் உள்ளேயே பயிற்சி நடைபெறத் துணைசெய்யும் ஓர் அரசாங்க அமைப்பு நிறுவப்பெற்றது. சானிங் டூலி, வால்ட்டர் டயட்ஸ் என்பார் அதனை நடத்தினர். படைக்கருவிகட்கு வேண்டும் கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்போர் அப்போது கிடைத்திலர். அத்தொழிலில் தேர்ச்சிபெற ஐந்தாண்டு வேண்டும் என்றனர் வல்லோர். மைக் கேன் என்பார் சென்று நோக்கியபோது, அஃது ஒரு தொழில் அன்று, பல சிறு தொழில்களின் தொகுதி எனக் கண்டார். நுண்ணிய சிலவற்றை மட்டும் வல்லோர்க்கு விடுத்து, ஏனையவற்றைப் புதியோர்க்குப் பகுத்துக் கற்பிக்கவே, ஆண்டுகள் மாதங்களாகச் சுருங்கின.

வல்லோர் பொய் கூறினரா? அன்று. நெடுநாட் பழக்கத்தால் கை அறிந்ததனை வாய் அறியாது போயிற்று, அவ்வளவே. நன்னூலார் ஆசிரியராகாதாரைக் கூறுமிடத்துப் பருத்தி அடைத்த குடுவையை உவமை கூறினமை காண்க. உள்ளே நிறைந்திருப்பினும் எளிதில் வெளிவாராது. கல்வித் தெளிவும் எடுத்துரைக்கும் ஆற்றலும் வேறு வேறாக எண்ணப்பெற்றதன் கருத்தும் இதுவே.

இவ்வுண்மையை விளக்க அவ்வமைப்பினர் ஒரு சிறு முடிச்சினைக் கையாண்டனர். மின்விளக்குக் கம்பியில் இடும் முடிச்சு அது. அதனைச் சொல்லால் மட்டும் விளக்கினர். கேட்டவர்க்கு இட வரவில்லை. பேசாது செய்து மட்டும் காட்டினர், அப்போதும் வரவில்லை. பின்னர், செயலைப் படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் கருதவேண்டிய நுட்பத்தைச் சொல்லிக் காட்டிச் செய்வித்தனர்; வந்தது. தவறினால் வேலையைக் கெடுப்பது எது, உடலுக்கு ஊறு செய்வது எது, எளிதாக்குவது எது என்பனவே அந்நுட்பங்கள். இவற்றை ஒரு தாளில் முன்னரே எழுதிக்கொள்ளுமாறு பயிற்றுவோர் ஏவப்பட்டனர்.

இதனால், கற்பிக்கும் முறை ஒன்றே போதும் என்று கொள்ளற்க. அந்நுட்பங்களைத் தொழில் வல்லானன்றி வேறு யார் அறிவார்? முறையறிந்தார் வினாவ, தொழிலறிந்தார் தம் கையை நோக்கி விடை கூற, இரண்டும் கூடியவழியே பயிற்சி அமைந்தது. பத்து மணி நேர அளவினதாகிய அப்பயிற்சிகளால், 1945-ம் ஆண்டில் அவ்வமைப்பு முடிவுறுமுன் 16,511 தொழிலகங்களில் 17 லட்சத்திற்கு மேற்பட்டோர் சான்று பெற்றனர். போருக்குப் பின் ஜப்பானியர் இம்முறையை விரும்பி ஏற்று, அதனைத் தம் தொழிற்சாலைகளில் வேரூன்றச் செய்தனர்.

மாணாக்கன் கல்லாதொழியின் முதலில் தன் கற்பித்தலை ஐயுறுக என்பதே அப்பயிற்சியின் உயிர்நிலை. இருபதாண்டு இப்பணியில் உழன்ற நாமும், மந்தர் என்று பின்னிருக்கையில் ஒதுக்கிய சிறுவர் சிலரை இதனைப் படித்தபோது நினைந்து வருந்தினோம். பட்டறையும் கடையும் நடத்தும் நம் பெரியோர், தம்மிடம் வேலை பழக வரும் இளைஞனை 'இவனுக்கு வராது' என அனுப்பிவிடுமுன், அவ்வேலையைப் படிபடியாக ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராக. எழுத வாராத இடமே, அவனுக்கு விளங்காத இடமாக இருத்தல் கூடும்.